இரண்டு மண்டபத்துக்கு ஒரே கேசரி

ஒரே முகூர்த்தம். எதிரெதிரே இரண்டு கல்யாண மண்டபம். இரண்டு வாசலிலும், இரண்டு மாப்பிள்ளைகளின் தலைக்கு மேலே, நான் எழுதிய ஒரே வரி. அதுதான் நடந்த தப்பு.

உட்காருங்கள் தம்பி. நின்றுகொண்டு கேட்கிற கதை இல்லை. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

உங்கள் சிநேகிதனுக்குக் கல்யாணம். மண்டபத்து வாசலில் பேனர் வைக்க வேண்டும். பார்க்கிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி நான் எழுதித் தர வேண்டும். அதுவும் நாளைக் காலைக்குள். அவ்வளவுதானே? முடியாது. ஏன் முடியாது என்று கேட்டீர்கள். கேட்டது உங்கள் தப்பு.

சுருக்கமாகச் சொல்கிறேன். நான் எதையும் சுருக்கமாகத்தான் சொல்வேன். தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவன். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய ஆபீஸ் அது. தேவையில்லாத சொல் ஒன்றுகூட என் வாயில் வராது. கோமதி, தம்பிக்கு மோர் கொடு. என் வீட்டுக்காரி. கறிவேப்பிலை கிள்ளிப் போடு. போன தடவை வந்தவருக்குப் போடாமல் கொடுத்துவிட்டாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நான் பார்த்தேன். சரி, எங்கே விட்டேன்?

தந்தி. உங்களுக்குத் தெரியாது. அப்போது வாழ்த்துத் தந்திக்கு நம்பர் உண்டு. கல்யாணத்துக்கு ஒரு நம்பர், பொங்கலுக்கு ஒரு நம்பர், பரீட்சையில் பாஸானதற்கு ஒரு நம்பர். வருகிறவர் அட்டையைப் பார்த்து நம்பரைச் சொல்வார். நான் நம்பரை அடிப்பேன். அந்தப் பக்கம் இருப்பவர் நம்பரைப் பார்த்து வாழ்த்தை எழுதிக் கொடுப்பார். உடன்பிறந்தவன் கல்யாணத்துக்கும் அதே வாழ்த்து. ஆகாதவன் கல்யாணத்துக்கும் அதே வாழ்த்து. தந்தியை மூடிவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தபோது எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நான் கொட்டவில்லை. தொலைந்தது சனியன் என்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

பேனருக்கு வந்தது தற்செயல். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறானே மைக்கேல், அவன் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். ஒரு வேன் டிரைவருக்குக் கல்யாணம். அவனுடைய கூட்டாளிகள் நின்றுகொண்டு, என்ன எழுதுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். 'வருக வருக'வைத் தாண்டி எதுவும் வரவில்லை. நான் ஓரமாக நின்றேன். அந்த டிரைவரின் வண்டி எங்கே போனாலும் நடுவழியில் நின்றுவிடுமாம். இவர்கள்தான் இறங்கித் தள்ளுவார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒருவன் தோளை ஒருவன் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் பேனரில் எழுத ஒன்றும் இல்லை என்றார்கள்! எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கேல் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினேன்.

"எங்கள் அண்ணன் வண்டி எங்கேயும் நேரத்துக்குப் போனதில்லை. தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்."

கீழே அவனவன் போட்டோ. 'இவண்' என்று போடுவார்கள் இல்லையா? அதற்குப் பதிலாக 'தள்ளியவர்கள்' என்று போடச் சொன்னேன்.

கல்யாணத்தன்று சும்மா அந்தப் பக்கமாகப் போனேன். பார்க்கப் போகவில்லை. கரும்பு ஜூஸ் குடிக்கப் போனேன். ஜூஸ் கடை மண்டபத்துக்கு நேர் எதிரே இருந்தது என் தப்பா? வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒரு அம்மா அண்ணாந்து வாசித்தது. 'தள்ளியவர்கள்' என்ற இடம் வந்ததும் கையிலிருந்த பரிசுப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. அதைப் பார்த்து அதன் வீட்டுக்காரர். அவரைப் பார்த்து நாயனக்காரர். அவர் வாயில் சீவாளி இருந்தது. ஊதவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. வந்த சத்தத்துக்கு எந்த ராகத்திலும் இடம் கிடையாது. நான் மூன்று கிளாஸ் ஜூஸ் குடித்தேன். சர்க்கரை வியாதிக்காரன் நான்.

அதோடு பிடித்துக்கொண்டது. யாரிடமும் காசு வாங்கியதில்லை. பாராட்டும் எனக்கு வேண்டாம். வேண்டவே வேண்டாம். யாராவது பாராட்டினால் ஒழுங்காகப் பாராட்டுகிறார்களா என்று மட்டும் கவனிப்பேன்.

எப்படி எழுதுவேன் என்றால், எழுத மாட்டேன். போய் உட்காருவேன். மாப்பிள்ளைப் பையனின் கூட்டாளிகள் பரோட்டாக் கடையில் இருப்பார்கள், இல்லாவிட்டால் சலூனில் இருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். அவர்கள் பேசுவார்கள். ஒரு நாள் ஒன்றும் விழாது. இரண்டாம் நாளும் ஒன்றும் விழாது. பிறகு எவனாவது வாய் தவறி ஒன்று சொல்வான். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஃபேனைப் பார்த்துப் படுத்திருப்பேன். அது உள்ளே கிடந்து உருளும். திடீரென்று எனக்கே சிரிப்பு வரும். குளிக்கும்போது வரும். சோற்றில் கை வைக்கும்போது வரும். ஒரு தடவை துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் வந்துவிட்டது. துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து நாலு பேர் என்னைப் பிடித்துத் தேற்றினார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

என் மகளைக் கட்டியவர். பிரசன்னா. மாப்பிள்ளை என்பதால் 'அவர்' என்கிறேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. ஆவணி மாதம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி, மகளோடு இங்கே வந்து இறங்கினார். வந்த மறுநாள் நான் ஃபேனைப் பார்த்துப் படுத்திருக்கிறேன்.

"என்ன மாமா பண்றீங்க?"

"வேலை பாக்குறேன்."

"படுத்துக்கிட்டா?"

"நின்னா கால் வலிக்கும்."

"ஒரு பேனருக்கு எவ்ளோ நாள் மாமா ஆகும்?"

"வரும்போது வரும்."

"தோராயமா?"

"தோராயமா, வரும்போது வரும்."

அவருக்கு மனசு ஆறவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி பேசினார்.

"உங்க திறமைய வீணடிக்கிறீங்க மாமா. பரோட்டாக் கடையில உக்காந்திருக்கிற நேரத்துல நீங்க எவ்ளோ எழுதலாம் தெரியுமா?"

"எழுதி?"

"எழுதி... இன்னும் நிறைய எழுதலாம்."

"அத எழுதி?"

யோசித்தார். பதில் இல்லாதவர் செய்கிற வேலையைச் செய்தார். என் செல்லை வாங்கி அதில் ஒரு தக்காளியை ஏற்றிக் கொடுத்தார்.

சிரிக்காதீர்கள். தக்காளிதான். தக்காளி உருவத்தில் ஒரு கடிகாரம், வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததாம். தக்காளியைத் தொட்டால் ஓட ஆரம்பிக்கும். அது ஓடும்வரை எழுத வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. மணி அடித்தால் கொஞ்சம் ஓய்வு. பிறகு அடுத்த தக்காளி. தினமும் எழுதினால் செல்லில் சின்னதாக ஒரு தீ எரியும். ஒரு நாள் விட்டாலும் அணைந்துவிடும். நான் கோவில்பட்டிக்காரன். ஊருக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகிற ஊரில் பிறந்துவிட்டு, ஒரு தீ அணைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன். வேறு ஆசை கிடையாது. பக்கத்துத் தெரு ரிட்டையர்டு தாசில்தார் செல்லில் வைத்திருக்கிற நடைப்பயிற்சித் தீயைவிட என்னுடையது பெரிதாக இருந்தது என்பது வேறு விஷயம்.

விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுவேன். கோமதி பாயில் கிடந்தபடியே கேட்பாள்.

"இந்நேரம் யார நக்கல் பண்றீங்க? ஊர்ல ஒருத்தரும் இன்னும் எந்திரிக்கலையே."

"தக்காளி ஓடுது. பேசாதே."

"ஓடிப்போய் எங்கேயாச்சும் சாம்பார்ல விழட்டும்."

பரோட்டாக் கடைக்குப் போக நேரம் இல்லை. சலூனுக்கு நேரம் இல்லை. மாப்பிள்ளை ஒரு வழி சொன்னார். ஆளைப் பார்த்து எழுதாதீர்கள் மாமா, வகை பிரித்து எழுதுங்கள் என்றார். குண்டு மாப்பிள்ளைக்கு ஒன்று. ஒல்லி மாப்பிள்ளைக்கு ஒன்று. வெளிநாட்டு மாப்பிள்ளை. முடி கொட்டிய மாப்பிள்ளை. ரொம்ப நாள் பெண் கிடைக்காத மாப்பிள்ளை. பெயருக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டுவிட வேண்டியது. எழுதி எழுதி மைக்கேலுக்கு அனுப்பினேன். அவனுக்கு வாயெல்லாம் பல். "இட்லிச் சட்டியைத் தூக்குன மாதிரி வருது அண்ணாச்சி!" என்றான். இட்லி மாதிரிதான் வந்தது. எல்லாம் ஒரே அளவு.

கோமதி ஒரு நாள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"முன்னல்லாம் எழுதுறதுக்கு முன்னாடி தனியா குலுங்குவீங்க. எனக்குப் பயமா இருக்கும். இப்ப பல்லு வலிக்காரன் மாதிரி உக்காந்து எழுதுறீங்க."

"வேலைன்னா அப்பிடித்தான்."

"இது வேலைன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

ஒரே வாயில் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்தேன். தக்காளி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அன்று ராத்திரி ஒன்றை யோசித்துப் பார்த்தேன். கடைசியாக எப்போது சிரித்தேன் என்று ஞாபகம் வரவில்லை. தீ மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு வாசலில் தொங்கியது என்றேனே, அந்தக் கேசரி வரி, ரொம்ப நாள் பெண் கிடைக்காத மாப்பிள்ளை வகையில் வந்தது. மணி அடிக்கப் போகிறது, ஒரு வரி குறைகிறது. கை தானாக எழுதிவிட்டது.

"ஊர் ஊராகப் பெண் பார்த்து, வீடு வீடாகக் கேசரி தின்று, கடைசியில் எங்கள் சிங்கம் சிக்கியது!"

மோசம் இல்லை. நாலு பேர் சிரிப்பார்கள். மைக்கேலுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கழுகுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டான். கயத்தாற்றில் ஒன்றுக்குப் போட்டான். எனக்குத் தெரியாது. கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு தடவையும் பிரசன்னா அதைப் புதுப் பேனர் என்று செல்லில் கணக்கு ஏற்றினார், நான் தடுக்கவில்லை. ஒருவர் ஆசையாக ஏற்றும்போது தடுப்பது மரியாதையா?

ஆவணிக் கடைசி முகூர்த்தம். அதைவிட்டால் புரட்டாசி, ஒருவரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் அன்றைக்கு ஊரில் மண்டபம் கிடைக்காதவன் ஸ்கூலில் வைக்கிறான், ஸ்கூல் கிடைக்காதவன் மொட்டை மாடியில் வைக்கிறான். மைக்கேல் கடையில் மெஷின் நிற்கவே இல்லை. எட்டயபுரம் ரோட்டில் எதிரெதிரே இரண்டு மண்டபம் இருக்கிறதல்லவா? இரண்டிலும் கல்யாணம். இரண்டு பேனரும் இவன் கடையில். எந்த வரியை எடுத்தான்? இரண்டுக்கும் கேசரியை எடுத்தான். ஒரு தட்டில் இருந்ததை இரண்டு இலையில் வைத்துவிட்டான்.

காலையில் மைக்கேலிடமிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, சட்டையப் போட்டுக்கிட்டு ஓடி வாங்க. இல்லாட்டி போடாம வாங்க, எப்பிடியாச்சும் வாங்க." பிரசன்னா ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

போய்ப் பார்த்தால் ரோட்டின் இந்தப் பக்கம் ஒரு சிங்கம் சிக்கியிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு சிங்கம் சிக்கியிருக்கிறது. நடுவில் பஸ் போக வழி இல்லை. இரண்டு பக்கத்துக் கூட்டாளிகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"எங்க வரியக் களவாண்டுட்டு எங்களையே மொறைக்கிறியா?"

"உங்க மாப்பிள்ளைக்குக் கேசரி வேணும்னா வேற வரி வாங்கிக்க வேண்டியதுதானலே!"

அது பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம் கிழக்கு மண்டபத்து வாசலில் உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில், பட்டு வேட்டியில், பெண்ணின் தாய்மாமன். அய்யாத்துரை. விளாத்திகுளத்தில் உரக்கடை வைத்திருப்பவர். பெண்ணுக்கு அப்பா இல்லை, அவர்தான் வளர்த்தவர். சீர்த் தட்டு எல்லாவற்றையும் ரோட்டு ஓரமாக வரிசையாக இறக்கி வைத்துவிட்டார். தாய்மாமன் தட்டு உள்ளே போகாமல் தாலி ஏறாது. உள்ளே ஐயர் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மேற்கு மண்டபத்து மாப்பிள்ளை நிஜமாகவே ஊர் ஊராகப் பெண் பார்த்தவன். பரவாயில்லை. இந்தக் கிழக்கு மண்டபத்து மாப்பிள்ளை மகாராஜன், காதல் கல்யாணம்! அந்தப் பெண் ஒருத்தியைத் தவிர எவளையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணித்தான், தாய்மாமனைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அவர் அரை மனசாகத்தான் சரி என்றிருக்கிறார். இப்போது வந்து பார்த்தால் வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறது.

"வேற பொண்ணே பாக்கலன்னீங்களேவே! அப்ப வீடு வீடா கேசரி தின்னது யாரு? ஆவியா?" என்றார் அய்யாத்துரை. "அவனே போட்டோ போட்டு, பல்லக் காட்டிக்கிட்டு, எழுதியும் வச்சிருக்கான். எம் மருமவ எத்தனையாவது தட்டு? அதச் சொல்லிட்டுத் தாலியக் கட்டச் சொல்லு."

"யாரு இத எழுதினது?" என்று ஒருவன் கத்தினான்.

மைக்கேல் விரலை நீட்டினான். நன்றி கெட்டவன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

நான் முன்னால் போனேன். சமாதானமாகப் பேசினேன். "கேசரி திங்கிறது ஒரு குத்தமா?" என்றேன். அய்யாத்துரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவருக்கு ஒரே கோபம். நியாயமாகச் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை.

"பதறாதீங்க மாமா," என்று காதில் சொன்னார் பிரசன்னா. "ஸ்டாக்குல லவ் மேரேஜ் வகை இருக்கு." செல்லைத் தடவி எடுத்து, நல்ல சத்தமாக வாசித்தார். "கண்ணால் கைது செய்தாள், அண்ணன் ஆயுள் கைதி ஆனார்!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு கைக்குழந்தை அழுதது. தவில்காரர் மட்டும் தலையை ஆட்டினார். "இது போன முகூர்த்தத்துல கடம்பூர்ல வாசிச்சாச்சு," என்றார்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். புதிதாக ஒன்று சொல்லு என்கிறார்கள். நான் மேலே கரண்டு கம்பியைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தலைக்குள்ளே தேடினேன். பெயருக்குக் கோடு போட்ட இடம்தான் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றால் அது ஒரு பக்கம். இனிமேல் எனக்கு எதுவுமே வராதோ என்று பயம் வந்தது பாருங்கள், அது இன்னொரு பக்கம். எது பெரிது என்று கேட்காதீர்கள்.

அப்போது கூட்டம் விலகியது. மணப்பெண் வெளியே வந்துவிட்டாள். தலையில் பாதிப் பூதான் வைத்திருந்தார்கள். மீதிப் பூவைக் கையில் பிடித்துக்கொண்டு அலங்காரக்காரப் பெண் பின்னாலேயே ஓடி வந்தது.

மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட அய்யாத்துரையிடம் போனாள். "மாமா, எந்திரிங்க."

"மாட்டேன்."

"சரி, உக்காந்திருங்க." அண்ணாந்து பேனரை வாசித்தாள். என் பக்கம் திரும்பினாள். "நீங்க எழுதினதா தாத்தா?"

"ஆமா."

"இவர உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலா இவ்ளோ பெருசா எழுதினீங்க?"

தந்தி ஆபீஸில் அத்தனை வருஷம் இருந்தேன். ஒருத்தரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. அவள் என்ன நினைத்தாளோ, பட்டுச் சேலையோடு மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அலங்காரக்காரப் பெண் "அக்கா, மடிப்பு!" என்று அலறியது.

"உக்காருங்க தாத்தா. நான் சொல்றேன் இவரப் பத்தி."

உட்கார்ந்தேன்.

"எங்க மாமாகிட்ட என்னைப் பொண்ணு கேக்கணும்னு இவரு உரக்கடைக்குப் போனாரு. பயம். ஹெல்மெட்டக்கூடக் கழட்டல. எங்க மாமா கடைக்கு வர்ற எல்லாரையும் கேக்குற மாதிரி, 'என்ன வேணும்?'னு கேட்டாங்க. இவரு 'பொண்ணு வேணும்'னு சொல்லணும். 'தண்ணி வேணும்'னு சொல்லிட்டாரு."

அய்யாத்துரை நிமிர்ந்தார்.

"தண்ணி குடுத்தாங்க. ஹெல்மெட்டுக் கண்ணாடியத் தூக்கிட்டுக் குடிச்சிட்டு வந்துட்டாரு. என்னாச்சுன்னு கேட்டேன். தண்ணி நல்லாருந்துச்சுன்னாரு."

எனக்குள்ளே ஒன்று உருள ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் மணி அடித்தது.

"என்ன தாத்தா சத்தம்?"

"தக்காளி. நீ சொல்லு. மாப்பிள்ளை, இந்தச் சனியன நிறுத்துங்க!"

"மறுவாரமும் போனாரு. 'என்ன வேணும்?' 'தண்ணி வேணும்.' அந்தக் கோடை பூரா போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தாரு தாத்தா. கடைசியில இவங்க அம்மா வந்துதான் பேசினாங்க."

அய்யாத்துரை எழுந்து நின்றார். வாசலில் மாலையும் கழுத்துமாக மகாராஜன் வந்து நிற்கிறான். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே. அந்த ஹெல்மெட்டு நீயா?"

"ஆமா மாமா."

"நான் உன்னய உர இன்ஸ்பெக்டர்னுல்லாலே நெனச்சேன்! வேவு பாக்க வர்றான்னு நெனச்சு, வாரா வாரம் மூட்டையெல்லாம் அடுக்கி, கடையக் கழுவி விட்டு, ஐஸ் தண்ணி வாங்கி வச்சேனேலே! உனக்குப் பயந்து நான் ரெண்டு மாசம் ஒழுங்கா யாவாரம் பண்ணியிருக்கேனே!"

"எனக்கும் உங்களப் பாத்துப் பயம் மாமா."

"எனக்கு உன்னப் பாத்துப் பயம்லே!"

அவ்வளவுதான். எனக்குப் பொத்துக்கொண்டது. துண்டைத் தேடினேன், துண்டு இல்லை. சட்டை போட்டுக்கொண்டு வந்ததே பெரிது. படியில் உட்கார முடியவில்லை, ரோட்டில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர். மூச்சு வாங்குகிறது. அய்யாத்துரை என்னைப் பார்த்தார். ஆரம்பத்தில் முறைத்தார். பிறகு அவருடைய தொந்தி ஆடியது. பிறகு பட்டு வேட்டியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தார். பலமான கை. உர மூட்டை தூக்கிய கை. இன்றைக்கும் மழை வந்தால் அந்த இடம் வலிக்கிறது.

"பெயிண்டு கொண்டா!" என்றேன்.

மைக்கேல் பேனரை அவிழ்த்துத் திருப்பிப் போட்டான். பிளெக்ஸுக்குப் பின்பக்கம் வெறும் வெள்ளைதானே. மண்டபத்துப் பெயிண்டையும் பிரஷையும் யாரோ கொண்டு வந்தார்கள். பச்சைப் பெயிண்டு. கதவுக்கு அடிக்கிறது. ரோட்டில் விரித்துப் போட்டு, மண்டி போட்டு எழுதினேன்.

"பெண் கேட்கப் போனான். தண்ணீர் கேட்டான். குடித்தான். வந்தான். மறுபடியும் போனான். மறுபடியும் குடித்தான். தாகம் தீர்ந்த எங்கள் மகாராஜனுக்கு வாழ்த்து!"

எழுத்து கோணல். பெயிண்டு வழிந்தது. போகிற பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. டிரைவர் ஒருவர் இறங்கி வந்து, 'தாகம்' கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, பெரிதாக்குங்கள் என்றார். பெரிதாக்கினேன். கூட்டாளிகள் வரிசையாக வந்து தங்கள் பெயரைச் சொன்னார்கள். எழுதினேன்.

"எம் பேரு எங்கவே?" என்றார் அய்யாத்துரை.

"உங்களுக்கு எதுக்கு?"

"தண்ணி குடுத்தது நான்லா! நான் குடுக்கலன்னா அவன் வாரா வாரம் வந்திருப்பானாவே?"

நியாயம். கீழே 'தண்ணீர் ஊற்றியவர்: தாய்மாமன் அய்யாத்துரை' என்று எழுதினேன். உரக்கடை பெயரையும் போடச் சொன்னார். அதற்கு மட்டும் மறுத்துவிட்டேன்.

தூக்கிக் கட்டியதும் சீர்த் தட்டு உள்ளே ஓடியது. நடக்கவில்லை, ஓடியது. அய்யாத்துரையே ஒரு தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு நடுவே எவனோ "தண்ணி!" என்று கத்தினான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சிரித்த வாயோடு மூன்று முடிச்சும் விழுந்தது. அந்தச் சத்தம் ரோட்டைத் தாண்டி மேற்கு மண்டபத்துக்குப் போய்விட்டது. அவர்கள் என்னவென்று பார்க்க இங்கே ஓடி வந்தார்கள். சிரித்தார்கள். திரும்பிப் போய்த் தங்கள் கேசரி பேனரைப் பார்த்து அதற்கும் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் எதற்கும் வரும். அந்த மாப்பிள்ளையே இங்கே பந்தியில் வந்து உட்கார்ந்து, கேசரி இருக்கிறதா என்று கேட்டான்.

நான் கரும்பு ஜூஸ் கடையைத் தேடவில்லை. பேனருக்கு அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிரசன்னா செல்லைக் காட்டினார். "மாமா, இன்னைக்கு நீங்க தக்காளிய நிறுத்திட்டீங்க. தீ அணைஞ்சிருச்சு."

"அணையட்டும். அதுலயா சோறு பொங்குது?" என்றேன். உள்ளே கோமதி சிரிக்கிற சத்தம் கேட்டது. இப்போதும் சிரிக்கிறாள் பாருங்கள். இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் அதே இடத்தில் சிரிப்பாள்.

அன்றிலிருந்து நான் வகை பிரிப்பதில்லை. வரும்போது வரும். வராவிட்டால் படுத்திருப்பேன். மணி பார்க்காதீர்கள் தம்பி, நான் அவசரப்படுகிறவன் இல்லை. ஆனால் சீக்கிரம் மோரைக் குடியுங்கள், டம்ளரைக் கழுவ வேண்டும்.

அந்த நாளைச் சரிசெய்தது யார் என்பதில் ஊரில் இன்றைக்கும் தகராறு. பிரசன்னா, "நெருக்கடி இருந்ததாலதான் மாமாவுக்கு வந்துச்சு," என்று பெங்களூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மைக்கேல், பேனரைத் திருப்பிப் போட்டது தன் மூளை என்கிறான். அய்யாத்துரை, தன் ஐஸ் தண்ணீர்தான் என்கிறார். நானும் கொஞ்ச நாள் என் எழுத்துதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பில்லை, எழுதியது நான்தானே?

ஒரு நாள் அந்தப் பேனரின் போட்டோவைக் கோமதி பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தாள். மகாராஜன் இருக்கிறான். கூட்டாளிகள் எல்லோரும் இருக்கிறார்கள். தாய்மாமன் இருக்கிறார். ஓரத்தில் பிளெக்ஸ் கடைப் பெயரைக்கூட மைக்கேல் எனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறான்.

"பாதிப் பூவோட படியில உக்காந்து உங்களுக்குக் கத சொன்னாளே, அவ பேரு எங்க?" என்றாள் கோமதி.

அவள் பெயரை நான் கேட்கவே இல்லை. மறுநாள் பஸ் ஏறி விளாத்திகுளம் உரக்கடைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன்.

செண்பகவல்லி.